நானூறு கிராம்

பொழிச்சலூரில், விமானம் தாழ்ந்து போகும்போது டம்ளர்கள் அதிரும் ஒரு தெருவில், ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு போர்ஷனில் ஏஞ்சல் குடியிருக்கிறாள். நாற்பத்தொரு வயது. பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாக மெஷினில் உட்காருகிறாள். அவள் தைத்தது என்றால் சூப்பர்வைசர் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவள் கணவன் ஏசுதாசன் குதிரைப் பந்தய ஜாக்கி. ஒரு காலத்தில் பேப்பரில் பெயர் வந்தவன். முப்பத்தெட்டு வயதில், வாரத்துக்கு ஒரு குதிரை கிடைத்தாலே பெரிது என்றாகிவிட்டது.

பந்தயத்துக்கு முன் ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்துவார்கள். குதிரைக்கு விதித்த எடைக்கு மேல் போனால் அந்தக் குதிரை இன்னொருவனுக்குப் போய்விடும். அதனால் ஞாயிறு பந்தயத்துக்கு முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் அவனுக்கு முட்டையின் வெள்ளைக்கருதான் சாப்பாடு. உச்சி வெயிலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பம்மல் வரை நடந்து, வியர்த்து எடையை இறக்குவான். ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

"இன்னா ஜாக்கி, மழை உனுக்கு மட்டும் கொட்டுதா?"

"ஆமா மச்சான். தள்ளி நில்லு, நீயும் நனைஞ்சிடப் போற."

சிரித்துக்கொண்டே போவான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவான்.

ஒரு பந்தயத்தில், கடைசித் திருப்பத்தில், உள்வேலி ஓரமாக ஒரு குதிரை நுழையும் அளவுக்கு இடம் திறந்தது. திறந்த இடம் எந்த நொடியும் மூடிக்கொள்ளும். ஏசுதாசன் நுழையவில்லை. வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து மூன்றாவதாக முடித்தான். குதிரையின் டிரெயினர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தக் குதிரைமேல் வேறொருவன் இருந்தான்.

"திட்டியிருந்தா பரவால்ல ஏஞ்சலு," என்றான் அன்று. "தட்டிக் குடுத்தாரு. வயசானவனுக்குத் தட்டிக் குடுக்கற மாதிரி."

ஐந்து வாரம் கழித்து ஒரு நல்ல குதிரை கிடைத்தது. எல்லாப் பட்டினியும் கிடந்து பார்த்தும் நானூறு கிராம் அதிகம் நின்றது. ஜாக்கிகள் சட்டைக்குள் ஒரு பாதுகாப்பு வெஸ்ட் போடுவார்கள், மார்புக்கும் முதுகுக்கும் கனமான ஃபோம் வைத்தது. விதிப்படி அதற்கென்று கொஞ்சம் எடையைக் கழிப்பார்கள்; வெஸ்ட் அதற்கு மேல் கனத்தால், அதுவும் அவன் எடையோடுதான் சேரும். அந்த வெஸ்ட்டை அவள் மடியில் போட்டான்.

"முதுகாண்ட கீற ஃபோமை எடுத்துடு. தையல் தெரியக்கூடாது."

"வுழுந்தா இன்னா பண்ணுவ?"

"இதுக்கு முன்ன வுழுந்ததே இல்லியா? எந்திரிச்சுதான கீறேன்?"

அவள் மறுத்தாள். அவன் கெஞ்சவில்லை. தரையில் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டான். அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாமல்தான் பிளேடை எடுத்தாள். ஓரத் தையலைப் பிரித்து, ஃபோமை உருவி, வடிவம் கெடாமலிருக்க இரண்டு மடிப்புத் துணி வைத்து, பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி ஊசி இறங்கும்படி தைத்தாள். அவன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான்.

"கம்பெனிக்காரன் தோத்தான் போ!"

அந்தப் பாராட்டில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை அவளால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஞாயிறும் உள்வேலி ஓரம் இடம் திறந்தது. இந்தத் தடவை ஏசுதாசன் நுழைந்தான். முன்னால் போன குதிரையின் பின்னங்காலில் இவன் குதிரையின் முன்னங்கால் தட்டியது. விழுந்தவனை மிதிக்காமல் ஒதுங்க, பின்னால் வந்த குதிரைக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் முதுகு, நெஞ்சு என்று ஏதோ சொன்னார்கள். ஃபோம் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அவள் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால், அது ஏன் இல்லை என்று கேட்பார்கள். பந்தயக் கிளப்பில் விசாரித்தவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு விபத்து என்று எழுதினார்கள். அவன் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தார்கள். வெஸ்ட்டும் அதில் இருந்தது.

முதல் மாதம் வீடு கொள்ளாத ஆட்கள். மூன்றாவது மாதம் யாருமில்லை. கோயிலில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று முறை வரிசையில் நின்றாள். மூன்று முறையும் தன் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

பதினாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஜாஸ்மின் வந்தாள். ஏசுதாசனோடு குதிரை ஓட்டிய டெனிஸ் என்ற ஜாக்கியின் மனைவி. ஏஞ்சலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீ போட்டாள், கடைக்கு ஓடிப்போய் முறுக்கு வாங்கி வந்தாள், குழந்தைகளைப் பற்றிக் கேட்டதையே திரும்பக் கேட்டாள். பிறகுதான் ஜாஸ்மின் பையிலிருந்து டெனிஸின் வெஸ்ட்டை எடுத்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கெழமை அவருக்கு நல்ல குதிரை. எடை கொஞ்சம் இடிக்குது. அண்ணனுக்குச் செஞ்ச மாதிரி..."

"யாரு சொன்னா உனுக்கு?"

"இன்னாக்கா, எல்லாருக்கும்தான் தெரியும். அண்ணன் டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லார் கைலயும் குடுத்துக் காட்டினாராம். 'பாருடா, வூட்டுக்காரி வேலை'ன்னு."

ஏஞ்சல் கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தன் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்று நெஞ்சில் அழுத்தி வைத்திருந்தது, ஊருக்கே தெரிந்த ஒரு கைவேலை. அது தெரிந்தும் யாரும் அவளிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"டெனிஸுக்குப் போன் போடு," என்றாள்.

ஜாஸ்மின் தயங்கிக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணி, நல்லா கீறீங்களா?"

"தம்பி, ஆஸ்பத்திரில குடுத்த பையில அவரு வெஸ்ட் வந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். என் தையல்ல ஒரு நூலு அறுவல. குதிரை மிதிச்சும் அறுவல. நான் அவ்ளோ நல்லா தச்சிருக்கேன், கேக்குதா? உள்ளதான் ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்தேன். என் கையால."

டெனிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவரு கேட்டாரு, நீங்க செஞ்சீங்க, அண்ணி."

"நீயும் கேக்கற. நான் செய்யல. உனுக்கும் ஒரு இடம் தொறக்கும். நுழைவியோ, நுழையாமலே போவியோ, உன் இஷ்டம். முதுகுல ஒண்ணுமில்லாம போவாத."

ஜாஸ்மின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன. "ஒத்தாசை கேட்டு வந்தா, சாவைப் பத்திப் பேசறீங்களே," என்று வெஸ்ட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். டீயில் பாதி அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனித் தோழி ஒருத்தியின் மகனிடம், பந்தய முடிவைப் போனில் பார்த்துச் சொல்லச் சொன்னாள். டெனிஸ் அந்தக் குதிரையை விட்டுவிட்டான். வேறொருவன் ஓட்டினான். குதிரை ஜெயித்தது.

அதன்பின் ஜாஸ்மின் போனை எடுக்கவில்லை. டெனிஸுக்கு அந்த டிரெயினர் குதிரை தருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸி விற்கும் தார்ப்பாய்க்கு அருகே இருவரையும் பார்த்தாள். டெனிஸ் குனிந்து ஒரு ஜாரைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாஸ்மின்தான் முதலில் இவளைக் கண்டாள். கணவனின் முழங்கையைப் பற்றி மறுபக்கம் திருப்பினாள். அவன் நிமிர்ந்து, முதுகை ஒரு முறை நெளித்துச் சோம்பல் முறித்துவிட்டு அவளோடு நடந்தான்.

ஏஞ்சல் கூப்பிடவில்லை. அந்த முதுகு கூட்டத்தில் மறையும்வரை நின்று பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.