பதினோரு வீடுகளில் நான் போட்ட ஒன்று

1. காலிக் கட்டம் கூடாது

ஆய்வு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கணக்கு சார் என் கையில் ஒரு கட்டு ஃபார்மையும் இரண்டு பேனாவையும் தந்துவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"பகவதியம்மா, எந்தக் கட்டத்தையும் காலியா விட்டுராதீங்க. காலியா கிடந்தா மாடல் அந்த வரியையே தூக்கி எறிஞ்சிரும். ஒரு வீடே நமக்கு இல்லாம ஆயிரும்."

மாடல் என்றால் அன்றைக்கு எனக்கு வடசேரி ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மைதான். நான் படித்தது பிளஸ் டூ. ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். எக்ஸலை நானே தட்டித் தட்டிப் பழகினேன். அதை நம்பித்தான் சார் என்னை எடுத்தார்.

ஆய்வு இதுதான். நம் மாவட்டக் கடற்கரையில் பன்னிரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு, ஆனி ஆடியில் எந்தக் கரையில் வள்ளம் கவிழும், ஆள் சாவு நேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அலையைப் படித்தவர் ஒருவர், மணலைப் படித்தவர் ஒருவர், சமூகம் படித்த ஒரு மேடம், எல்லாரும் கொண்டுவருவதைச் சேர்த்துப் பிசைய நடுவில் கணக்கு சார். கடைசியில் வருகிற பட்டியலில் முதல் மூன்று ஊர்களுக்கு மீட்பு வள்ளமும் எச்சரிக்கை விளக்கும் கிடைக்கும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, மாடல் என்றால் என்னவென்று சாரிடம் கேட்டே விட்டேன்.

"அலை உயரம், பொழிமுகத்துல, அதான் ஆறு கடல்ல சேருற வாயில, ஏறின மண்ணு, வள்ளத்தோட எண்ணிக்கை, இது எல்லாம் ஒரு பக்கம். எத்தனை பேரு செத்தாங்க, அது மறுபக்கம். அந்தப் பக்கத்தைப் பாத்து இந்தப் பக்கத்துக்கு எடை போட அது படிக்கும். அவ்வளவுதான். கடல் எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாதுலா. நாம குடுக்கிறதுதான் அதுக்குக் கடல்."

சாவுக் கணக்கைக் கொண்டுவருவது என் வேலை. பிணம் கிடைக்காத ஆளைச் சட்டம் ஏழு வருடத்துக்கு உயிரோடுதான் வைத்திருக்கும். அதனால் ஆபீஸ் பதிவேட்டை நம்ப முடியாது, வீடு வீடாகப் போகவேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

2. ஸ்டெல்லா

குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு ஊர். பெயர் வேண்டாம். பேப்பரோடு போகிற பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான். ஏலம் போடுகிற இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "டீச்சர், நீ எழுதினா மீனு கரைக்கு ஏறி வருமா?" என்று கேட்டார். அதை ஃபார்மின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அது என் பழக்கம். ஜனங்கள் ஒன்று சொல்லி அது எனக்குப் பிடித்துவிட்டால், எந்தத் தாள் கையில் இருந்தாலும் அதன் பின்பக்கம் பென்சிலில் குறித்துவிடுவேன். கம்ப்யூட்டருக்குப் போவது முன்பக்கம் மட்டும்தானே.

கடல் சுவருக்குப் பின்னால் இருந்த தெருவில் ஸ்டெல்லாவின் வீடு. மீன் சுமந்து விற்கிறவள். நான் போனபோது மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி தாசன் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"வீட்டுல எத்தன பேரு மக்கா?"

"நாலு. நானு, எனக்க ஆளு, பிள்ளைங்க ரெண்டு."

"என்னைய எங்க விட்ட அக்கா?" என்றான் தாசன்.

"நீ திங்கதுக்குத்தான இங்க வாற? உனக்க பேர உனக்க வீட்டுல எழுதுவாங்க."

சிரித்துக்கொண்டே, "உன் ஆளு எங்க?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிருக்கு."

முந்தின வீட்டிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் போய் மூன்று வருடம். வள்ளத்தின் பலகை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஃபார்மில் ஒன்று என்றால் தொழிலில் இருப்பவர், இரண்டு என்றால் வெளிநாடு, மூன்று என்றால் இறந்தவர். நான் மூன்று போட்டேன். எட்டாவது படித்த பெண், தாளைத் தலைகீழாகவே வாசித்துவிட்டாள். கிழங்கு சீவின கத்தி நின்றது.

"டீச்சர், மூணுன்னா என்ன?"

நான் சொன்னேன்.

"யாரு கண்டா? நீ கண்டியா? உடம்பு வந்துதா? பூசை வச்சமா? மூணு போடாத. ஆளு வரும்."

அந்தத் தெருவின் வழக்கம் அது. உடம்பு கிடைக்காதவனுக்கு அடக்கப் பூசை கிடையாது, கல்லறையில் சிலுவை கிடையாது, ரேஷன் கார்டில் பெயர் இருக்கும். அவன் பெயருக்குப் பூசை எழுதினாலும் சுகத்துக்காகத்தான் எழுதுவார்கள், செத்தவர்களுக்கு எழுதுகிற ஆத்தும இளைப்பாற்றிக்கு அல்ல. மனைவி கலர் சேலைதான் கட்டுவாள்.

தாசன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அக்கா சொல்லுதபடி எழுது டீச்சர். ஒரு எழுத்துதான?"

மூன்றை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். பின்பக்கம் "மூணு போடாத, ஆளு வரும்" என்று எழுதினேன். அந்த ஊரில் இப்படிப் பதினோரு வீடுகள். பதினோரு வீடுகளிலும் ஒன்றுதான் போட்டேன், அவர்கள் சொன்னதைப் பின்பக்கம் எழுதினேன். கட்டம் எதுவும் காலியாக இல்லை.

3. பச்சை

டேட்டா எல்லாம் ஏற்றி, மாடலை ஓட்டினபிறகு சார் என்னைக் கூப்பிட்டார்.

"பகவதியம்மா, இந்த ஊரு மட்டும் தனியா நிக்குது. அலை பெருசு, பொழிமுகத்துல மண்ணு மேடு கட்டிக் கிடக்கு. ஆனா சாவு பூஜ்யம். அவுட்லையர், மத்ததோட ஒட்டாத எண்ணு மாதிரி இருக்கே. சரிபாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார்."

இதை எழுதும்போதும் அந்த இரண்டு வார்த்தை வாயில் கசக்கிறது. உண்மையைச் சொன்னால் திரும்பப் போய் மூன்று போட்டு வரச் சொல்வார். ஸ்டெல்லாவின் கத்தி நின்ற அந்த நேரத்தை இன்னும் பத்து வீட்டில் பார்க்க எனக்கு ஏலாது. அதோடு, இத்தனை ஆயிரம் எண்களுக்கு நடுவில் என்னுடைய பதினோரு எண் என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன்.

அலையைப் படித்தவர் சொன்னார், "அந்த ஊர்க்காரங்க நல்ல தொழில்காரங்க சார். கடலறிவு ஜாஸ்தி. அதுதான் காரணமா இருக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கேட்க நன்றாக இருக்கிற ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் தோண்ட யாருக்கும் மனம் வராது.

மாடல் அதைப் படித்துக்கொண்டது. அந்தப் பொழிமுகத்தில் எவ்வளவு பெரிய அலை அடித்தாலும் ஆள் சாவதில்லை என்று படித்துக்கொண்டது. படத்தில் மூன்று ஊர் சிவப்பு. அந்த ஊர் பச்சை. அறிக்கை போனது. மீட்பு வள்ளமும் விளக்கும் சிவப்புக்குப் போயின.

4. ஆடி

அடுத்த ஆடியில் ஒரு நாள் காலை, கரைக்குத் திரும்பிய தாசனின் வள்ளத்தைப் பொழிமுகத்தில் அலை புரட்டியது. உள்ளே இரண்டு பேர். கூட இருந்தவரை அலையே தூக்கிக் கல்லில் போட்டது. கால் ஒடிந்தாலும் பிழைத்தார். துக்க வீட்டில் அவர்தான் என்னிடம் சொன்னார்.

"டீச்சர், தாசன் எண்ணெய்க் கேனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணிக்கூறு கிடந்தான். கையைக் காட்டிக்கிட்டே கிடந்தான். கரையில ஊரே நின்னு கண்டோம். நம்ம வள்ளத்தை அந்த அலையில இறக்க ஏலாது. மீட்பு வள்ளம் அது கிடைச்ச வேற ஊருல இருந்து சுத்தி வரணும்லா. வரும்போது கேன் மட்டும்தான் கிடந்தது."

இரண்டு நாள் கழித்து உடம்பு ஒதுங்கியது.

ஸ்டெல்லா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை.

"பேப்பர் கொண்டு வந்தியா டீச்சர்? இவனுக்கு மூணு போட்டிரு. இவனைக் கண்டாச்சு."

5. பின்பக்கம்

மறுநாள் பழைய ஃபார்ம் கட்டைப் பிரித்து, பதினோரு தாளையும் கவிழ்த்து சாரின் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா மூணு போடச் சொல்வீங்க."

தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினார். "ஆமா. சொல்லியிருப்பேன். இந்த ஃபார்மைத் திருப்பிப் பாக்கணும்னும் எனக்குத் தோணல்ல."

பதினோரு கட்டங்களை மாற்றி மாடலை மறுபடியும் ஓட்டினார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஊர் பட்டியலில் முதலில் வந்தது. அந்த மானிட்டரை அணைக்கக்கூட எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

சார் தவறைத் தன் பெயரில் எழுதித் திருத்திய அறிக்கை அனுப்பினார். ஃபார்மில் நான்கு என்று புதிதாக ஒரு எண் சேர்த்தார். அடுத்த ஆனிக்கு முன்னால் ஒரு மீட்பு வள்ளம் அந்தக் கரைக்கு வந்தது. நான் புது ஃபார்மோடு அதே பதினோரு வீடுகளுக்குப் போனேன்.

"நாலுன்னா என்ன?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"கடலுக்குப் போனவரு. இன்னும் வரல்ல."

"அது சரி. அதைப் போடு."

போட்டேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கைத் திருத்தினதுனாலதான் வள்ளம் வந்ததுன்னு பேசிக்கிடுதாங்க. இந்த நாலு அன்னைக்கே உண்டாயிருந்தா, தாசனுக்கு முந்தியே வந்திருக்குமா?"

இதைக் கேட்பாள் என்று பஸ்ஸிலேயே நினைத்தேன். தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் மானிட்டரில் நான் பார்த்தது பார்த்ததுதான்.

"வந்திருக்கும் மக்கா."

அவள் பேனாவிலிருந்து கண்ணை எடுத்துச் சொன்னாள், "மூணு போடாதன்னு சொன்னது நான்லா."

"நீ உனக்க ஆளு வரும்னு சொன்ன. அது உன் மனசு. ஒண்ணு போட்டது என் கை. எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

அதை அவள் எடுத்துக்கொண்டாளா என்று இன்றுவரை தெரியாது. நான் என் மனசு ஆற வேண்டும் என்று உண்மையைச் சொல்லப்போய், பாதியை அவள் தலையில் இறக்கிவிட்டு வந்ததாகத்தான் தோன்றுகிறது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றாள்.

இப்போது கணக்கெடுக்கப் போகிற பிள்ளைகள் கையில் டேப்லெட் இருக்கிறது. அதற்குப் பின்பக்கம் கிடையாது. ஏதாவது ஒன்றை அமுக்காமல் அடுத்த கேள்விக்கு விடவும் விடாது. உங்கள் முன்னால் இருப்பவர் சொல்வதற்கு அதில் இடம் இல்லையென்றால், இரக்கப்பட்டு ஒன்றை அமுக்கிவிட்டு எழுந்து வராதீர்கள். அந்த வாசலிலேயே நின்று, கணக்குப் போடுகிறவருக்கு ஃபோன் பண்ணி, உங்கள் ஃபார்ம் தப்பு என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

காலியாக விட்டால் பதினோரு வீடும் கணக்கில் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். விட்டிருந்தால், அந்தத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை ஓட்டை என்று யாராவது அந்த ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருப்பார்கள். நான் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.