கால் செய்த வித்தை

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் மாதா கோயில் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஒருகாலத்தில் பெரிய ஆட்டக்காரர். அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நிற்கும் என்பார் அப்பா. நரைத்த தலை, வீங்கிய முழங்கால். நாங்கள் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று, இல்லாத பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்.

தொடர்ந்து தோற்றோம். அணித் தலைவனான நான் ஒருநாள் கேட்டேன்: "கோச், பந்த எப்படி வளைச்சு அடிக்கிறது? சொல்லுங்களேன்."

அவர் பந்தை வைத்து அடித்தார். அது வளைந்து வலைக்குள் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம்.

"பாத்தீங்கல்ல? அப்படித்தான் லா."

"பாத்தோம் கோச். ஆனா புரியல."

மறுபடியும் அடித்தார். மறுபடியும் கோல். எங்கள் முகங்களைப் பார்த்துத் தவித்துப் போனார்.

"கால் செய்யுது தம்பி. நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்த மாதம் கோயில் குழு அவரை நிறுத்திவிட்டு, ஆட்டத்தில் பெயர் வாங்காத ஒருவரைக் கொண்டுவந்தது. அவர் நிதானமாக விளக்கினார். நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம்.

ஒரு வெற்றிக்குப் பிறகு பழையவர் வந்து என் கையைக் குலுக்கினார். "புது கோச் என்ன சொல்லித் தர்றாரு?"

பாதத்தின் எந்தப் பக்கம் படவேண்டும், உடம்பு எப்படிச் சாயவேண்டும் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"ஓ, அதைத்தான் நான் செஞ்சேனா?" என்றார்.