மாரிமுத்துவின் அழுகைக் காட்சி

இன்று காலை எங்கள் காஜா பேராங் வட்டாரக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மெர்டேக்கா என்ற சுதந்திர தின விழாவுக்கு நாடகம் எழுதியிருக்கும் தையற்காரர் மாரிமுத்து, ஒவ்வொரு காட்சியையும் என்னிடம் படித்துக்காட்டித் திருத்தியவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது விழாத் தலைவர் வந்து என்னிடம் சொன்னார்:

"பிரஜாவுரிமை கிடைக்காதவன் அழுற சீன் வேணாம்லா, வாத்தியாரே. நல்ல நாள்ல ஒப்பாரி எதுக்கு?"

மாரிமுத்து என்னைப் பார்த்தார். "ஐயா சொன்னா வெட்டிடறேன்."

தலைவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "வெட்டாதீங்க. நாடகமே அதுதான்," என்றேன்.

"அப்போ மேடை கிடையாது," என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

நானும் எழுதிப் பார்த்தவன்தான்; நானாக எழுதிய எதுவும் தேறவில்லை. எழுதுகிறவர்களுக்குத் துணை நிற்பதே என் வேலை என்று இன்றுதான் தெளிந்தது.

நாளை தலைவர் வீட்டுக்குப் போய் மறுபடி கேட்கப்போகிறேன். உடன் வர யாருக்காவது தைரியம் இருக்கிறதா? எனக்கு இல்லை.