உட்காராத ராணி

மட்டாஞ்சேரியில் சும்மா ஒரு நாள் தலையில் பூ வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பாருங்கள். பால் வாங்கப் போனாலும், "எந்தா சேச்சி, இன்னு கல்யாணம் உண்டோ?" என்று கேட்டுவிடுவார்கள். நிலக்கோட்டையிலிருந்து வந்து நாங்கள் இங்கே பூக்கடை போட்டபோது மகள் ரோஷினி கைக்குழந்தை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. கேள்வி இன்னும் நிற்கவில்லை, நானும் பூ வைப்பதை நிறுத்தவில்லை.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று இங்கே பூ வண்டி ஊர்வலம் நடக்கும். தெருவுக்கு ஒரு லாரி, லாரி நிறையப் பூ. இத்தனை காலமும் நாங்கள் பூ விற்றோம், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். இந்த முறை எங்கள் தெரு கிளப்பின் செயலாளர் ஜோசி சேட்டன் கடைக்கே வந்தார். "வண்டி முழுக்க நிங்ஙள் கெட்டணும் சேச்சி. மோள் ராணியாயிட்டு இரிக்கட்டெ," என்றார். ரோஷினிக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். கடைக்காரி போய் ஒருவழியாகத் தெருக்காரி ஆகிவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

ஊர்வலத்தன்று காலையிலேயே கட்ட ஆரம்பித்தேன். நாலு மூலைக்கு மூங்கில், நடுவில் நாற்காலி. மூங்கிலில் செவ்வந்தி சுற்றி, மேலே சம்பங்கிப் பந்தல் போட்டு, சுற்றிலும் ரோஜாச் சரம் தொங்கவிட்டேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அச்சு அசலாக எங்கள் ஊர்த் தேர்ப்பாடை. செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, இதே பூவில்தான் கொண்டுபோவோம். என் அப்பாவை அப்படித்தான் அனுப்பினோம். அந்தச் சரத்தையும் இந்தக் கைதான் தொடுத்தது. எங்கள் பக்கம் பூத்தேரில் சாமி போகும், இல்லையென்றால் பிணம் போகும். உயிரோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து போய் நான் பார்த்ததில்லை.

"அடிபொளி!" என்று ஜோசி சேட்டன் கைதட்டினார். நான் வீட்டுக்காரரைத் தனியே இழுத்துச் சொன்னேன்.

"பிரிச்சுக் கட்ட நேரமில்ல புள்ள. இந்த ஊருக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அதற்குள் ரோஷினி நீலக் கவுனும் ஜிகினாக் கிரீடமுமாக வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து, போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. லாரியில் ஏறி நாற்காலியைத் தூக்கிக் கீழே இறக்கினேன்.

"நின்னுக்கிட்டே போ. உக்காரவே கூடாது."

"எந்தினாம்மா? கால் வலிக்குமே!"

"வலிக்கட்டும்."

வலிக்கிற கால்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஜோசி சேட்டனோ, "ஆ, நின்னால் எல்லார்க்கும் காணாம்! நல்ல ஐடியா," என்று, எல்லாரும் பார்க்கத்தான் நான் நிற்கவைத்ததாக நினைத்துப் பாராட்டினார். நானும் தலையாட்டி வைத்தேன்.

செண்டை முழங்க வண்டி நகர்ந்தது. முன்னால் போனவர்கள் உதிரிப்பூவை வழியெல்லாம் வாரி இறைத்தார்கள். அதுவுமா என்று இருந்தது எனக்கு. ஊரில் பாடை போன வழியில் கிடக்கும் பூவை மிதிக்க மாட்டோம், ஒதுங்கித்தான் போவோம். இங்கே தெருவே அதன்மேல் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தது. நான் மட்டும் ஓரத்தில், சாக்கடை மூடியின் மேல் நடந்தேன்.

வண்டியில் நின்றபடியே ரோஷினி திரும்பிப் பார்த்தாள். எங்கள் தெரு அம்மாமார் எல்லாரும் நடுவில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் அவள் என்னைத் தேடினாள். கையை ஆட்டினேன், அவள் பார்வை ஓரத்துக்கு வரவேயில்லை. கிரீடத்துக்குக் கீழே முகம் வாடத் தொடங்கியது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூவின் மேல் இறங்கி நடந்தேன்.