எண்பது படி கீழே ஒரு தையல் மெஷின்

குன்னூர்க் கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே, "இருக்கறதுலயே கனமான மெஷின் எதுங்க?" என்பதுதான். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெள்ளையாக, சின்னதாக, கரண்டில் ஓடுகிற ஒன்றை எடுத்து வைத்து, "ஏனுங்க, எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. ஒரு கையில தூக்கிட்டு ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார். அதனாலேயே அது எனக்கு வேண்டாம் என்றேன்.

மெஷின் என் அத்தைக்கு. அப்பாவுடைய அக்கா. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இத்தனை காலமும் கொழுந்து எடுத்தவள். பிள்ளைகள் இல்லை, மாமா போய்ப் பல வருஷமாகிறது. இந்த வருஷம் அவளுக்கு ரிட்டயர்மென்ட். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். "இங்க வந்துருங்க அத்தை" என்று நான் போனில் கூப்பிடாத வாரமில்லை. "பாக்கலாம் புள்ள" என்பாள். அத்தை பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை, "சும்மா ஒக்காந்து சாப்பிட என்னால முடியாது. ஒரு தையல் மெஷின் இருந்தா என் பாட்டை நான் பாத்துக்குவேன்" என்றாள். எனக்கு அது போதாதா?

எங்கள் வீடு ரோட்டிலிருந்து எண்பது படி கீழே. இரும்பு ஸ்டாண்டும் பலகையுமாக நான் வாங்கிய கால் மெஷினை நாலு ஆட்கள் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். இனி இது மேலே ஏறாது, அத்தைதான் இதைத் தேடி வந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, பக்கத்தில் அவளுக்கு ஒரு கட்டிலும் போட்டேன். இந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். கூடவே அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் அத்தை பையிலிருந்து ஒரு படங்கை எடுத்தாள். கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற கெட்டி பிளாஸ்டிக் அது. கிழிந்த ஓரத்தை ஊசிக்கடியில் மடித்து வைத்து மெஷினை மிதித்தாள். ஊசி எங்கும் திணறவில்லை.

"கனமான மெஷின்தான் இதுக்குத் தாங்கும். சரியாப் பாத்து வாங்கியிருக்க" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து, "ஸ்பேனர் இருக்கா?" என்றாள்.

சேரம்பாடி பஜாரில் ஒரு ரூம் பார்த்தாகிவிட்டதாம். கூட வந்தவர்களில் ஒருத்திக்கும் இந்த வருஷமே ரிட்டயர்மென்ட். இருவரும் சேர்ந்து அங்கே இருக்கப் போகிறார்கள். லைன் பெண்களுக்குப் படங்கும் பையும் தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. ஜீப் மேலே ரோட்டில் நிற்கிறது.

"எண்பது படி அத்தை. எப்படித் தூக்குவீங்க?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறியே வாழ்ந்தவர்களிடம் போய் நான் கனத்தைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறேன். டவுனில் இருந்து இருந்து என் புத்தி அப்படி ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "இது இங்க இருக்கட்டும்னுதான் வாங்கினேன்" என்று சொல்லியே விட்டேன்.

"எனக்குக் குடுத்தியா, இல்ல என்னைப் புடிச்சு வெக்க வாங்கினியா?"

"குடுத்தேன்" என்றேன்.

"அப்ப ஸ்பேனரை எடு."

ஸ்டாண்டைக் கூட வந்த இருவரும் தூக்கினார்கள். மெஷினைக் கழற்றித் துணியில் கட்டி அத்தை தலையில் வைத்துக்கொண்டாள். பலகை மட்டும் என் பங்கு. படியேறும்போது மூச்சு வாங்க மூன்று இடத்தில் நின்றது நான் ஒருத்திதான்.

"கோவமா?" என்றாள் ஜீப்பில் ஏறும்போது.

"வருத்தம் அத்தை. என்கூட இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ வந்து என்கூட இரேன். லீவு போட்டுட்டு வா."

வா வா என்று வருஷக்கணக்காக அவளைக் கூப்பிட்டவள் நான். அவள் வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியவளும் நானேதான். ஒரு நாள்கூட அங்கே தங்கியதில்லை.

"வரேன். ஒரு கம்பளி மட்டும் வாங்கி வைங்க" என்றேன்.

"உனக்குன்னு எப்பவோ வாங்கினது பொட்டியில கெடக்குது. இன்னும் பிரிக்கவே இல்ல" என்றாள்.