விதைநெல்லும் மாஸ்டர் பிளானும்

பஞ்சநதத்திடம் யாராவது "தங்கச்சி என்ன பண்றாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கும் டீ ஆறிவிடும். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் பலருக்கு அந்த அனுபவம் உண்டு. அவர் பத்தாம் வகுப்போடு வயலுக்கு வந்தவர். தங்கை வானதி வரலாறு படித்து, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறாள். முதல் துணைவேந்தரின் கடிதங்களும், வளாகத்துக்கு அவர் போட்ட திட்டங்களும் அங்கே பூச்சி அரிக்காமல் இருப்பது அவளால்தான்.

"மரத்தை வெட்டணும்னு இன்ஜினீயர் கேட்டிருக்காரு. துணைவேந்தர் என்ன எழுதினாரு தெரியுமா? மரம் நிக்கட்டும், கட்டடத்தை நகர்த்துங்கன்னு. அந்தக் கடுதாசி யார்கிட்ட இருக்கு? நம்ம வானதிகிட்ட!"

ஒரே குறை, அது தற்காலிக வேலை. வருடாவருடம் நீட்டிப்புக்குக் காத்துக்கிடக்க வேண்டும். இந்த முறை பதிவாளர் ஒரு வழி சொல்லியிருந்தார். முதல் துணைவேந்தரின் ஆவணங்களைக் கண்காட்சியாக வைக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் நிரந்தரம் செய்யப் பரிந்துரைப்பார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் காலையில் வானதி போன் செய்தாள்.

"மாஸ்டர் பிளான் வரைபடம் அடங்க மாட்டேங்குதுண்ணே. இத்தனை வருஷம் சுருட்டி வச்சது. விரிச்சா பாய் மாதிரி திரும்பச் சுருண்டுக்குது. அதுதான் கண்காட்சிக்கே முகம். நாளைக்கும் இப்படியே சுருண்டு கிடந்தா என் வேலையும் அவ்வளவுதான்."

"கனமா எதையாவது வச்சுப் பாரேன்."

"கனமா இருக்கணும், தாளையும் கிழிக்கக் கூடாது."

பஞ்சநதத்துக்கு அதற்குமேல் யோசனை தேவைப்படவில்லை. கனமாகவும் பதமாகவும் அவர் வீட்டில் இருந்தது ஒன்றுதான். சம்பாவுக்கு எடுத்து வைத்திருந்த விதைநெல்லில் இரண்டு அரை மூட்டை கட்டினார். மூட்டை வாயைக் கோணல் இல்லாமல் தைத்து, டி.வி.எஸ். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

காப்பக வாசலில் வானதி இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க! நெல்லையா கொண்டு வந்தீங்க? அந்துப்பூச்சி உள்ள போயிடுச்சுன்னா என் கதி என்ன ஆவறது?"

"என் நெல்லுல அந்தா? வெயில் காட்டி, வேப்பிலை போட்டு, பிள்ளை மாதிரி வச்சிருக்கேன். யாருகிட்ட பேசுற நீ?"

வானதி மூட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். தையல் இடுக்கிலிருந்து சாம்பல் நிறப் பூச்சி ஒன்று சாவகாசமாக வெளியே வந்து, பஞ்சநதத்தின் சட்டைப்பையில் உட்கார்ந்தது.

"உங்க பிள்ளைதானே? பேர் என்னண்ணே?"

காவலாளி சதீஷ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பஞ்சநதம் முகம் தொங்கிப்போய், மூட்டைகளைப் புங்கமரத்தடியில் இறக்கினார். வண்டிப் பெட்டியில் ஏதோ கலகலத்தது.

"அதுல என்னண்ணே சத்தம்?"

"எடைக்கல்லு. யாவாரி தராசை நம்பியா நெல்லு போடச் சொல்ற?"

வானதி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். "புதுத் துண்டு, உங்க தோள்ல கிடக்கிறது, அதையும் குடுங்க." துண்டைக் கிழித்து ஒவ்வொரு கல்லையும் பொட்டலமாகச் சுற்றினாள். வரைபடத்தின் மேல் மை ஒற்றும் தாள் விரித்து, பலகை அடுக்கி, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அவள் வைத்ததை அவர் வாசலிலிருந்தே பார்த்தார். நாற்று நடும் கை மாதிரி இருந்தது.

மறுநாள் வரைபடம் தூங்கும் குழந்தை போல் அடங்கிக் கிடந்தது. பதிவாளரும் அங்கே படித்தவர்தான். குனிந்து பார்த்துத் தன் விடுதியைக் கண்டுபிடித்தார். அதன் பக்கத்திலேயே, கடைசிவரை கட்டப்படாத நீச்சல் குளம்.

"அடப்பாவிகளா, நீச்சலடிக்க எங்களைக் கிணத்துக்கு விரட்டினீங்களேடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு உதவியாளரிடம், "இந்தம்மாவோட ஃபைலை இன்னிக்கே கொண்டாங்க. நிரந்தரத்துக்கு எழுதிடலாம்" என்றார்.

வானதி வெளியே ஓடிவந்தாள். புங்கமரத்தடியில் வளாகத்து மயில்கள், நேற்று இறக்கிய மூட்டையைக் கொத்திப் பிரித்து, விதைநெல்லை விருந்தாக்கிக்கொண்டிருந்தன. சதீஷ் குச்சியோடு கிளம்பினார். கண்காட்சி பார்க்க வந்திருந்த பஞ்சநதம், தங்கையின் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க தம்பி, தின்னட்டும். வேற விதை வாங்கிக்கலாம்."

"உங்க பிள்ளைங்களையும் சேர்த்துத்தான் தின்னுதுண்ணே" என்றாள் வானதி.