ஏழுமலையின் முன்பல்

கணவாய் மீனின் ஓட்டைக் கல்லில் இழைத்து, அந்த வெள்ளை மாவின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். குனிந்து பார்த்தால் மூக்கில் புளிப்பு ஏறும், கன்னத்தில் பொடித்துளி தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பாதிப் பல் வெளுத்துவிட்டது என்று நம்பிய பிள்ளைகள் நாங்கள். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துக்கு நடந்து போகிற தொலைவில் இருந்த எங்கள் மீனவக் குப்பத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை முழுக்க அந்த 'உஸ்' ஓயவே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பற்பொடிக் கம்பெனியின் வேன். தலையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, வலை காயப்போடும் திடலில் அது வந்து நின்றபோது சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பெண்கள்கூட ஓடி வந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய டெரிலின் சட்டைக்காரர் ஆளுக்கொரு ரோஸ் பொடிப் பொட்டலம் கொடுத்தார். அடுத்த வாரம் திரும்பி வந்து எங்களில் வெள்ளைவெளேரென்ற பல் உள்ள ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பாராம். அதற்கடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி சந்தைத் திடலில் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் போட்டியாம். ஜெயிக்கிற பிள்ளைக்குத் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவாம்.

ரேடியோ என்றதும் குப்பமே மூச்சைப் பிடித்தது. பாட்டுக்காக அல்ல. முந்தின ஐப்பசியில் புயல் வருகிற சேதி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க, எங்களுக்கு மட்டும் தெரியாமல் போய், இரண்டு படகும் அத்தனை வலையும் காற்றோடு போயிருந்தன. என் பெரியப்பா இடுப்பொடிந்து கரை சேர்ந்தவர், இன்னும் கோல் ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார். "ஒரு ரேடியோப் பொட்டி இருந்துச்சுன்னா நான் ஏன்டா தண்ணில எறங்கப் போறேன்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனவே அந்த ரேடியோ எங்கள் குப்பத்துக்கு வந்தாக வேண்டும். வருவதற்கு வழி எங்கள் வாயில்தான் இருந்தது.

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. வரிசை பிசகாத பெரிய பல். எனக்கோ தலைகால் புரியவில்லை. காலையில் அடுப்புக்கரி, பத்து மணிக்குச் சூளையிலிருந்து கொண்டுவந்த செங்கல் பொடி, மத்தியானம் உப்பும் எலுமிச்சையும், சாயங்காலம் கணவாய் ஓடு என்று தேய்த்துத் தள்ளினேன். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொன்னவன் பைத்தியக்காரனா? குச்சி ஒடிச்சி மெல்லுடி" என்று அம்மா கத்தியது காதிலேயே ஏறவில்லை. உறுதி யாருக்கு வேண்டும், எனக்கு வெள்ளை வேண்டும்! கடைசியில், வெள்ளையென்றால் சுண்ணாம்பை விட வெள்ளை எது என்று ஒரு ஞானம் பிறந்து, கிளிஞ்சல் சூளையில் நீற்றிய சுண்ணாம்பை ஒரு விரல் எடுத்து முன்பல்லில் அப்பினேன். வாய் வெந்துவிட்டது. ஈறு தோலுரிந்து தொங்க, ஏரிக்கரையெல்லாம் குதித்து ஓடினேன். அம்மா நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக்கொண்டே முதுகில் இரண்டு வைத்தாள்.

வேன் திரும்பி வந்த அன்று நான் வீங்கிய உதட்டோடு வரிசையில் நின்றேன். சட்டைக்காரர் என் வாயைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்து நின்ற பிள்ளையிடம் போனார். அது என் தம்பி ஏழுமலை. ஆறு வயது. பல் தேய்ப்பதென்றால் ஓடி ஒளிகிறவன். கம்பெனி கொடுத்த ரோஸ் பொடி இனிப்பாக இருந்ததால் அவன் பொட்டலத்தோடு என் பொட்டலத்தையும் நக்கித் தின்றே தீர்த்தவன். வேடிக்கை பார்த்து ஈயென்று இளித்துக்கொண்டிருந்தான். சட்டைக்காரர் அவன் தாடையைத் தூக்கிப் பார்த்து, "இவன்தான்!" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுதால் ஈறு எரிந்தது, சிரித்தாலும் எரிந்தது.

குப்பம் கொண்டாடியது ஒரே ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில் ஏழுமலை நாக்கால் முன்பல்லைத் தள்ளி, "ம்மா, ஆடுது" என்றான்.

ஆடியது நடுப்பல். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து கொஞ்சமல்ல. நண்டு, கருவாடு, முறுக்கு எல்லாம் அவனுக்கு விலக்கு. மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். அவன் இருமினால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். எப்பேர்ப்பட்ட வலையையும் முடிச்சுப் போட்டு அடக்கிவிடுகிற என் நைனா, நைலான் நூலை எடுத்து ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு கட்டப் பார்த்தார். இவன் அவர் விரலைக் கடித்ததில் பல் இன்னும் கொஞ்சம் ஆடியதுதான் மிச்சம். யாராவது "பல்லைக் கடிச்சுக்கினு இருடா" என்று சொன்னால், "ஐயோ, அத மட்டும் செய்யாத!" என்று நாலு பேர் பதறினார்கள். முடிவாக அம்மா ஒரு சட்டம் போட்டாள். "பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்லுவாங்க. நமக்கு சொல்லு போனாலும் பரவால்ல, பல்லு போவக்கூடாது. வாயே தொறக்காத." ஓயாமல் பேசுகிறவன் ஏழுமலை. ஒரு வாரம் ஊமையாக இருந்தான், பாவம், எல்லாம் கையால்தான்.

போட்டியன்று ஆரம்பாக்கத்தில் பஸ் பிடித்துக் குப்பத்தில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் நைனா அவன் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார். சந்தைத் திடலில் மேடை, மைக், நாற்காலி. நடுவராக ஒரு பல் டாக்டரம்மாவை அழைத்து வந்திருந்தார்கள். மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெண் வாயைத் திறந்ததும் கூட்டம் "ஆ" என்றது, அத்தனை வெள்ளை. ஆனால் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்கு இதைப் போடச் சொன்னது?" என்று கேட்டார். தட்டார் கடைத் திராவகத்தைத் தண்ணீரில் கலந்து மாமா தேய்த்துவிட்டாராம். டாக்டரம்மா நேராக மைக்கைப் பிடித்தார். "இது வெளுப்பு இல்லை. பல்லோட மேல்தோல் கரைஞ்சு போயிருக்கு. ஒருதரம் கரைஞ்சா திரும்ப வளராது. திராவகம், சுண்ணாம்பு, செங்கல் பொடி, எலுமிச்சம்பழம் எதையும் பல்லுல வச்சுத் தேய்க்காதீங்க!" நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஏழுமலை. டாக்டரம்மா பார்த்தார், நிமிர்ந்தார், சிரித்தார். "நீ என்ன போட்டுத் தேய்க்கறே?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"பயப்படாம சொல்லுப்பா."

ஒரு வாரமாக அடைத்து வைத்த பேச்சு. "தேய்க்கலீங்க," என்றான் மைக்கில், "துன்னுட்டேன்!"

அந்த 'து'வில் நாக்கு பல்லைத் தள்ளிவிட்டது. பல் தெறித்து டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது. திடல் வெடித்துச் சிரித்தது. சட்டைக்காரர் ஓடி வந்து, "நம்ம பொடியைத் தின்னாலே பல் வெளுக்கும் பாருங்க!" என்று கூவ, டாக்டரம்மா மைக்கைப் பிடுங்கி, "தின்னக் கூடாது!" என்று அதட்டினார். பிறகு அந்தப் பல்லை விரல்களுக்கிடையில் உயர்த்திக் காட்டினார். "இது பால் பல். பேருலேயே பால் இருக்கு. அடுத்து முளைக்கிற பல் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும், அது குறையில்லை. பரிசு இவனுக்குத்தான்." சட்டைக்காரர் பல் இல்லாத பிள்ளைக்குப் பரிசா என்று இழுத்தார். பெரியப்பா கோலைத் தரையில் தட்டி எழுந்தார். "இன்னாங்க நாயம் இது? நீங்க பாக்கும்போது பல்லு வாயிலதான இருந்துச்சு?" சந்தை முழுக்க அவரோடு சேர்ந்துகொண்டது. ரேடியோவைக் கொடுக்காமல் வேன் நகர முடியவில்லை.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுதான் எங்கள் வழக்கம். நைனா எறியவில்லை, ரேடியோவின் தோல் உறைக்குள் போட்டு உறையின் பொத்தானை அழுத்தி மூடினார். அந்த ஐப்பசியில் புயல் சேதி வந்தபோது குப்பமே எங்கள் வாசலில் கூடி நின்று கேட்டது. ஒரு படகும் தண்ணீரில் இறங்கவில்லை. பெரியப்பா ரேடியோவைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏழுமலையின் தலையையும் தடவினார்.

இப்போது பொடி வேனும் இல்லை, கிளிஞ்சல் சூளையும் இல்லை. வலை காயப்போட்ட திடலில் விடியற்காலையில் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் பஸ்கள் வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. பெரியப்பாவும் நைனாவும் போய்விட்டார்கள். ஏழுமலைக்குக் கட்டுப்பல். எனக்கோ இன்றைக்கும் பச்சைத் தண்ணீர் முன்பல்லில் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்கிறது. அந்தச் சுண்ணாம்பும் எலுமிச்சையும் அப்போது தின்ற மேல்தோல் எனக்குத் திரும்ப வரவே இல்லை.

போன மாதம் ஏழுமலையின் மகள், கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி ஹைவேயில் ஒரு கிளினிக்கில் பல்லை வெளுக்கப் போவதாகச் சொன்னாள். "டாக்டர் பாத்துச் செஞ்சா சரி, கடையில எதையாவது வாங்கி நீயா பூசாத" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து அந்த ரேடியோவை இறக்கினேன். பாடி எத்தனையோ காலமாகிவிட்டது. உறையின் பொத்தானைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளங்கையில் அவள் அப்பாவின் பால் பல் வந்து விழுந்தது.

"இன்னா அத்தை, இவ்ளோ மஞ்சளா கீது?" என்றாள்.

கும்மிடிப்பூண்டி சந்தையிலேயே வெள்ளையான பல் இதுதான், இதற்குத்தான் ரேடியோ கொடுத்தார்கள் என்று எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவே இல்லை.